இரண்டாம் பாதிக்கு இறங்கியவன்

நரம்பு டாக்டர் சொன்னதை கோலெட் ஒரு வாரமாக மனதுக்குள்ளேயே போட்டுப் பூட்டி வைத்திருந்தாள்.

"பழைய அடிங்கம்மா. பெரிய அடி ஒண்ணு, சின்ன அடி ஆயிரம். உறுதியாச் சொல்லணும்னா ஆள் போன பிறகு மூளையைத் தொறந்து பாத்துத்தான் சொல்ல முடியும்."

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது மட்டும் அவர் கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஆள் என்று அவர் சொன்னது கோலெட்டின் கணவன் மார்ட்டி டூலனை. இன்னும் ஐம்பதைத் தொடாதவன். உயர்நிலைப் பள்ளியில் பூகோளம் நடத்துகிறவன். போன வசந்தத்தில் ஒரு நாள் அந்தப் பள்ளி வாசலிலிருந்து வீட்டுக்கு வழி தெரியாமல், மிசிசிப்பிப் பாலத்தைத் தாண்டி அடுத்த மாநிலத்தில் போய் நின்றான். ஊருக்கு முதுகுவலி என்று சொல்லி லீவு போட்டிருக்கிறார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற காரியம்தான். கோலெட்டுக்கு வேறு வழி தெரியவில்லை.

அப்பாவிடம்கூட அவள் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? இன்று சனிக்கிழமை, செயின்ட் கிலியன் கல்லூரியின் புது மைதானத்துக்கு அவர் பெயரைச் சூட்டுகிறார்கள். லியோ கெர்ஸ்டிங் மைதானம்.

பகலில் பீர் லாரி ஓட்டிவிட்டு, சாயங்காலம் சாக்கடை ஓரத்துப் பொட்டலில் பையன்களை ஓடவிட்டு ஆரம்பித்தவர் லியோ. கால்பந்து என்றால் என்ன என்று கல்லூரி நிர்வாகம் கேட்ட காலம் அது. சர்ச் சர்ச்சாகப் போய், ஞாயிறு பூசை முடிந்து வெளியே வரும் பையன்களின் கெண்டைக்காலைப் பார்த்தே ஆள் பொறுக்கினார் என்பார்கள். ஓய்வு பெறும்போது பிராந்தியப் பட்டங்கள் அலமாரி கொள்ளவில்லை. அவரிடம் ஆடிய பையன்கள் இன்று பாதி நாட்டில் கோச்சாக இருக்கிறார்கள்.

ஆனால் செயின்ட் லூயிஸில் எந்த முடிவெட்டும் கடையில் அவர் பெயரை எடுத்தாலும் பேச்சு ஒரே ஒரு டிசம்பர் ஆட்டத்தில்தான் வந்து நிற்கும். இருபத்தைந்து வருஷத்துக்கு முந்தைய தேசிய இறுதி ஆட்டம். கோட்டோரத்திலிருந்து கையால் ஒரு நீள எறி, கூட்டத்துக்கு மேலே எழும்பிய ஒரு தலை, வலைக்குள் பந்து. ஒன்றுக்குப் பூஜ்யம். கல்லூரியின் ஒரே தேசியக் கோப்பை அதுதான்.

அந்தத் தலை மார்ட்டியின் தலை.

*

காலையில் மைக்ரோவேவில் காபி சூடாகிக்கொண்டிருந்தது. எண்கள் ஒவ்வொன்றாக இறங்குவதைப் பார்த்ததும் மார்ட்டி நாற்காலியை விட்டு எழுந்தான்.

கல்லூரி ஆட்டத்தில் கடிகாரம் கீழ்நோக்கித்தான் ஓடும். கடைசிப் பத்து நொடியை அரங்கமே கூவி எண்ணும். சில மாதங்களாக அந்தக் கூவல் மார்ட்டிக்கு இந்தச் சமையலறையிலும் கேட்கிறது. முழங்காலை மடக்கி, கைகளைப் பின்னால் விரித்து, தன்னை ஒட்டி நிற்கும் யாரையோ முதுகால் நெட்டித் தள்ளினான். குளிர்பெட்டிக்கும் அவனுக்கும் நடுவே யாரும் இல்லை.

மைக்ரோவேவ் கூவியது. கையைத் தொங்கவிட்டு, "காபியா? குடு" என்று சாதாரணமாக உட்கார்ந்தான்.

செத்தவர்கள்தான் வீட்டுக்குள் நடமாடுவார்கள் என்று கோலெட் கேள்விப்பட்டிருக்கிறாள். இங்கே புருஷன் குத்துக்கல்லாக உட்கார்ந்திருக்க, அவனுடைய இருபத்தோரு வயது வந்து வந்து போகிறது. அவளுக்குப் பயமாக இருந்தது. அந்த இருபத்தோரு வயதுப் பையனைத்தான் அவள் ஆசைப்பட்டுக் கட்டிக்கொண்டாள் என்பது வேறு விஷயம்.

மேஜைமேல் பழைய பூட்ஸ். துடைத்துத் துடைத்து அதன் தோல் மின்னியது. இன்றைய விழாவில் இடைவேளையின்போது அந்தக் கோலை மறுபடி நடத்திக் காட்டப்போகிறார்கள். அன்று பந்தை எறிந்த ஸ்கிப் ரென்னர்தான் இன்றும் எறிகிறான், மார்ட்டி தலையால் முட்டப்போகிறான். மருமகனுக்குப் பரிசாக இருக்கட்டும் என்று லியோவே செய்த ஏற்பாடு. பாவம், அவருக்கு என்ன தெரியும்?

"மார்ட்டி, மேடையில நில்லு, கையை ஆட்டு, கேக் சாப்பிடு. பந்து மட்டும் வேணாம்."

"ஒரே ஒரு பந்துடி."

"டாக்டர் சொன்னது ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. அது இருக்கறதுனாலதான் கேக்கறேன்." அவன் பூட்ஸைக் கீழே வைத்தான். இன்று அவன் பார்வை தெளிவாக இருந்தது. "உன்கிட்ட ஒண்ணு சொல்றேன், சிரிக்கக் கூடாது. அந்தக் கோல் எனக்கு ஞாபகமே இல்ல."

"இப்பத்தான் எதுவுமே—"

"இப்ப இல்ல. எப்பவுமே. அன்னிக்கு சாயங்காலமே இல்ல. ஸ்கிப் கை ஓங்குனதும் ரெண்டடி பின்னால போனேன், அஞ்சாம் நம்பர் என் சட்டையப் புடிச்சான்னு ஊரெல்லாம் சொல்றேன்ல? அத்தனையும் டிவியில பாத்து மனப்பாடம் பண்ணது. என் மூஞ்சி, என் நம்பர். நான் மட்டும் அங்க இல்ல."

அவர்கள் கல்யாண விருந்தில் கோப்பை உயர்த்தியவர்கள் எல்லோரும் அந்தக் கோலுக்குத்தான் வாழ்த்துச் சொன்னார்கள். தன் பிள்ளைகளுக்கு மார்ட்டி அதைச் சொல்லும்போது மேஜையில் உப்புக் குப்பியையும் மிளகுக் குப்பியையும் ஆட்டக்காரர்களாக நிறுத்தி வைப்பான்.

"இருக்கறதெல்லாம் ஒண்ணொண்ணாப் போயிடும்னு அந்தாளு சொல்றாரு. போகட்டும். அது ஒண்ணு மட்டும் ஒரு தடவை எனக்குன்னு இருந்துட்டுப் போகட்டுமே, கோலெட்."

கொடுத்துவிடலாம் என்றுதான் அவளுக்குத் தோன்றியது. ஆனால் டாக்டர் தெளிவாகச் சொல்லியிருந்தார். இனி ஒரு சின்ன முட்டல்கூட, மிச்சம் இருப்பதை இழுத்துக்கொண்டு போய்விடலாம்.

வாசலில் ஸ்கிப்பின் வண்டி ஹாரன் அடித்தது.

"டூலன், எந்த ஹைஸ்கூல்ல படிச்சேன்னாவது ஞாபகம் இருக்கா, இல்ல முதுகுவலியில அதுவும் போச்சா?" என்று ஸ்கிப் உள்ளே வந்தான். ஊரில் எல்லோரும் எல்லோரையும் கேட்கிற கேள்வி அது. அவன் விளையாட்டாகத்தான் கேட்டான். மார்ட்டி பள்ளியின் பெயரைச் சரியாகச் சொன்னான். கோலெட் மூச்சு விட்டாள்.

"ஆடுன காலும் பாடுன வாயும் சும்மா இருக்குமா? வா, வா" என்று ஸ்கிப் அவனைத் தோளில் கை போட்டு அழைத்துக்கொண்டு போனான்.

*

அவள் நேரே அப்பா வீட்டுக்கு வண்டியை விட்டாள். தன்னால் மார்ட்டியை நிறுத்த முடியாது. அவன் கேட்பது ஒருத்தர் வார்த்தையைத்தான். கல்யாணமாகி இத்தனை வருஷமாகியும் மாமனாரை அவன் 'கோச்' என்றே கூப்பிடுகிறான்.

லியோ கூடத்துக் கண்ணாடி முன் டை கட்டிக்கொண்டிருந்தார். எழுபத்தொன்பது வயது. அம்மா போன பிறகு ஆள் பாதியாகிவிட்டார், குரல் மட்டும் இன்னும் மைதானத்தின் அந்தக் கோடி வரைக்கும் எட்டும்.

"என்ன கண்ணு, இவ்வளவு சீக்கிரம்? அங்க வந்து பாக்கறேன்னியே."

அவள் சொன்னாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். பாலம், முதுகுவலிப் பொய், மைக்ரோவேவ், டாக்டர். அழக்கூடாது என்று நினைத்து வந்தவள் நடுவில் அழுதும் தொலைத்தாள்.

லியோ உட்கார்ந்துவிட்டார். அதிர்ச்சியில் ஏதாவது கேட்பார், திட்டுவார், டாக்டரை மாற்று என்பார் என்றெல்லாம் எதிர்பார்த்தாள். அவர் கேட்டது வேறு.

"மாசம் என்னன்னு கேட்டாங்களா?"

"கேட்டாங்க."

"ஆகஸ்ட்டுன்னானா?"

கோலெட் நிமிர்ந்தாள். ஆகஸ்ட் என்றுதான் சொன்னான். வெளியே இலையெல்லாம் சிவந்து கொட்டிக்கொண்டிருக்கும்போது, கொஞ்சமும் தயங்காமல் ஆகஸ்ட் என்றான். அந்த அறையில் டாக்டரும் அவர்கள் இருவரும் மட்டுமே இருந்தார்கள்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"சும்மா கேட்டேன்."

"அப்பா."

"நாழியாகுது. அந்த எறிய நான் நிறுத்திடறேன். நான் சொன்னா கேப்பான்."

எழுந்துபோய் டையை அவிழ்த்து மறுபடி கட்ட ஆரம்பித்தார். முடிச்சு விழவில்லை. இரண்டு தரம், மூன்று தரம் கை நழுவியது. கோலெட் எழுந்துபோய் உதவவில்லை. ஏன் என்று அவளுக்கே புரியவில்லை.

*

மைதானத்து வண்டி நிறுத்துமிடம் முழுக்கப் பன்றிக்கறி சுடுகிற புகை. பழைய ஆட்டக்காரர்கள் தொப்பையும் வழுக்கையுமாக ஒருவரையொருவர் குத்திக்கொண்டு சிரித்தார்கள். கோலெட் அந்தச் சிரிப்புகளுக்கு நடுவே ஒரே ஓர் ஆளைத் தேடினாள்.

வெர்ன் ஹட்சின்ஸ் அரங்கத்தின் முன்வரிசையில் கம்பளி போர்த்தி உட்கார்ந்திருந்தார். லியோ காலத்தில் அணியின் காயம் கட்டுகிற ஆள் அவர். கணுக்காலோ கண்ணிமையோ, பையன்களுக்கு எது போனாலும் வெர்ன்தான்.

"வெர்ன் மாமா, அந்த இறுதி ஆட்டத்துல மார்ட்டிக்கு என்ன ஆச்சு?"

"முழங்கை பட்டுச்சு. புருவத்துல பிளாஸ்திரி போட்டேன். போட்டோல இருக்குமே."

ஊருக்கே தெரிந்த பிளாஸ்திரி. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று எல்லோரும் சொல்லிச் சந்தோஷப்பட்ட கதை.

"மாசம் என்னன்னு கேட்டீங்களா?"

கிழவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு பக்கத்து நாற்காலியைத் தட்டி உட்காரச் சொன்னார்.

"உங்கப்பா சொன்னாரா?"

"நீங்க சொல்லுங்க."

"முதல் பாதி முடியறதுக்கு முன்ன கோல்கீப்பர் முழங்கை. நான்தான் வெளிய இழுத்துட்டு வந்தேன். வெளிய வந்தவன் அந்தப் பாதியில திரும்ப முடியாது. ஆனா ரெண்டாம் பாதியில எறங்கலாம். நம்ம காலேஜ் ஆட்டத்துல மட்டும்தான் அந்த ரூலு. வெளிநாட்டு ஆட்டமா இருந்தா வந்தவன் வந்தவன்தான். உன் புருஷன் தப்பிச்சிருப்பான்."

கீழே பையன்கள் முதல் பாதியின் கடைசி நிமிடங்களை ஆடிக்கொண்டிருந்தார்கள். வெர்ன் அவர்களைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"இடைவேளையில கேட்டேன். ஆகஸ்ட்டுன்னான். வெளிய பனி கொட்டுது பாப்பா. உங்கப்பா பக்கத்துலதான் நின்னாரு. 'நாம பயிற்சி ஆரம்பிக்கறது ஆகஸ்ட்டுல, பய இன்னும் அந்த வெறியிலயே இருக்கான்'னாரு. ரூமே சிரிச்சுது. நானும்தான் சிரிச்சேன். ஷூ லேஸ எடுத்துக் கையில வச்சுக்கிட்டு முழிச்சான் மார்ட்டி. கட்டத் தெரியல. உங்கப்பா மண்டி போட்டு அவரே கட்டிவிட்டாரு."

லேஸ் கதை கோலெட்டுக்குத் தெரியும். லியோ கெர்ஸ்டிங் எவ்வளவு பெரிய மனசுக்காரர் என்பதற்கு எல்லா விருந்திலும் யாராவது எழுந்து சொல்கிற கதை அது. பையன் காலடியில் மண்டியிட்ட கோச் என்று சொன்னதும் சிலர் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். அவளும் துடைத்திருக்கிறாள். இருபத்தோரு வயதுப் பையனுக்கு லேஸை ஏன் இன்னொருவர் கட்டிவிட வேண்டும் என்று இத்தனை வருஷத்தில் ஒருத்தரும் கேட்டதில்லை. அவளும் கேட்கவில்லை.

"நீங்க ஏன் தடுக்கல மாமா?"

"தடுக்கலாம்னுதான் வாயத் தொறந்தேன். அதுக்குள்ள பையன் எழுந்து 'நான் ரெடி கோச்'னுட்டான். அந்தக் காலத்துல அது போதும்."

கோலெட் எழுந்தாள். அப்பாவைத் தேடி ஓடினாள்.

*

ஆட்டக்காரர்கள் வரும் பாதையில் இருவரும் நின்றிருந்தார்கள். மார்ட்டி பழைய சட்டையை வயிற்றின்மேல் இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தான். லியோவின் கோட்டு மடிப்பில் ஏற்கெனவே சின்ன ஒலிவாங்கியைக் குத்தியிருந்தார்கள், இன்னும் முடுக்கவில்லை.

"வேணாம்டா மார்ட்டி. எனக்காக விட்டுடு."

மார்ட்டி யோசித்தான். "மாமனாராக் கேக்கறீங்களா, கோச்சாக் கேக்கறீங்களா?"

லியோ மகளைப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் வெர்னிடம் போய்விட்டு வந்திருக்கிறாள் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. தலையைக் குனிந்துகொண்டார்.

"மாமனாரா."

"அப்ப முடியாது" என்று மார்ட்டி சிரித்துக்கொண்டே மைதானத்துக்குள் ஓடினான்.

முதல் பாதி முடிந்திருந்தது. ஸ்கோர் பலகையில் இரு பக்கமும் பூஜ்யம். திரை விலகி லியோ கெர்ஸ்டிங் மைதானம் என்ற எழுத்துகள் வெளிச்சமானபோது அரங்கம் எழுந்து நின்றது. லியோ நடு மைதானத்தில் நின்று எல்லோருக்கும் நன்றி சொன்னார். செத்துப்போன மனைவிக்கு நன்றி, பீர் கம்பெனி முதலாளிக்கு நன்றி, ஒவ்வொரு வருஷத்துப் பையன்களுக்கும் நன்றி. மார்ட்டியின் பெயரை மட்டும் விட்டுவிட்டார். கூட்டம் அதைக் கவனிக்கவில்லை, கோலெட் கவனித்தாள்.

அறிவிப்பாளர் அந்த டிசம்பர் மாலையைப் பற்றி உருக ஆரம்பித்தார். கோல் கம்பத்துக்கு முன்னால் பழைய ஆட்டக்காரர்கள் சிலர் எதிரணியாக நின்று போலித் தள்ளுமுள்ளு காட்டினார்கள். ஸ்கிப் கோட்டோரத்தில் பந்தைத் துண்டால் துடைத்தான்.

மார்ட்டி அவர்களுக்கு நடுவே நின்றான். முழங்காலை மடக்கினான், கைகளைப் பின்னால் விரித்தான். கோலெட்டுக்கு அது போதும். தெளிவான மார்ட்டி போய்விட்டான். அங்கே நிற்பவன் இருபத்தோரு வயதுக்காரன்.

அவள் எல்லைக்கோட்டைத் தாண்டி ஓடத் தொடங்கினாள். தூரம் அதிகம், எட்டமாட்டாள் என்று ஓடும்போதே தெரிந்தது. ஸ்கிப் பின்னால் போய், பந்தைத் தலைக்கு மேல் தூக்கி, ஓடி வந்தான்.

"டூலன்."

ஒலிபெருக்கிகளே தேவைப்பட்டிருக்காது. அந்தப் பழைய குரல் அரங்கத்தின் இரு கோடிக்கும் போய் மோதியது. ஸ்கிப்பின் கால்கள் தாமாக நின்றன. அந்தக் குரலுக்கு நின்று பழகிய கால்கள் அவை.

"மாத்திட்டேன். வெளிய வா."

கூட்டம் சிரித்தது. கிழவர் வேடிக்கை காட்டுகிறார் என்று நினைத்துக் கை தட்டினார்கள். மார்ட்டி சிரிக்கவில்லை. ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஓரத்துக்கு ஓடி வந்தான். கோட்டருகே வந்ததும் கையை உயர்த்தி, உள்ளே இறங்குகிற யாரோ ஒருவனின் உள்ளங்கையில் தட்டினான். அங்கே யாரும் இல்லை. பிறகு மாற்று ஆட்டக்காரர் பெஞ்சில் போய் உட்கார்ந்தான்.

கோலெட் மூச்சு வாங்க அவன் பக்கத்தில் வந்து நின்றாள். அவன் அவளைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்தான், அறிமுகமில்லாத பெண்ணுக்குத் தலையசைக்கிற மாதிரி.

லியோ மைதானத்தைக் கடந்து நடந்து வந்தார். எழுபத்தொன்பது வயசும் அந்த நடையில் தெரிந்தது. கைதட்டல் மெல்ல ஓய்ந்தது. பெஞ்சின் முன்னால் வந்து நின்றார்.

"என்ன தப்பு பண்ணேன் கோச்?"

"நீ ஒண்ணும் பண்ணலடா."

"நான் நல்லாத்தான் இருக்கேன். ரெண்டாம் பாதியில எறக்குவீங்கல்ல?"

லியோ குத்தியிருந்த ஒலிவாங்கி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. மார்ட்டியின் தணிந்த குரல்கூட மேல்வரிசை வரைக்கும் போனது. கல்லூரித் தலைவர் அறிவிப்பாளர் அறைப் பக்கம் அவசரமாகக் கையை ஆட்டினார். லியோவுக்கு ஒலிவாங்கி ஓடுவது தெரிந்தது. அவர் கை ஒருமுறை அதுவரை போனது. அதை அணைக்காமலே கீழே இறங்கியது.

"இல்லடா. எறக்க மாட்டேன். அன்னிக்கும் எறக்கியிருக்கக் கூடாது. உனக்கு முடியலன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் எறக்கினேன்."

எங்கோ ஒரு குழந்தை அழுதது, யாரோ அதன் வாயைப் பொத்தினார்கள். கோலெட் அப்பாவைப் பார்க்கவில்லை. அவள் கணவனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மார்ட்டி பெஞ்சிலிருந்து எட்டிப் பலகையைப் பார்த்தான். இரு பக்கமும் பூஜ்யம். அவன் நெற்றி சுருங்கியது. கோச் ஒரு முக்கியமான கணக்கை மறந்துவிட்டார் என்று அவனுக்குக் கவலை வந்துவிட்டது.

"அப்ப அந்தக் கோல யாரு கோச் போடுவா?"

லியோ கெர்ஸ்டிங் வாயைத் திறந்தார். ஒலிபெருக்கிகளில் அவர் மூச்சு மட்டும் கேட்டது.